தாம்போதியில மாமியக் காப்பாத்தின ஆமிப்பொடியன்ட கதைய மலர்ல முழுசாப் போடுங்க

சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்,

ஊர் நினைவு மலருக்கு என்னென்ன போடுறது என்டு கொஞ்ச நாளா மடல் ஓடிக்கொண்டிருக்கு, கோயில் வரலாறு, பள்ளிக்கூடத்துப் பழைய படங்கள், 78 சூறாவளி எல்லாம் வருது, நல்ல விசயம், எனக்கும் சந்தோசம்தான். ஆனா 2011 வெள்ளத்தப் பத்தின பக்கத்தில மாமிட கதைய "தாம்போதியில அள்ளுண்டு போன பெண்ணொருவரை ஊரவர்கள் மீட்டனர்" என்டு ஒரு வரியில முடிச்சிருக்கிறதப் பாத்த பிறகு எனக்குச் சும்மா இருக்க ஏலாமப் போயித்து. (தாம்போதி என்டா வெள்ளத் தண்ணி மேலால பாயிற மாதிரித் தாழ்வாக் கட்டின ரோட்டுத் துண்டு.) ஊராக்கள் கரையில நிண்டு கயிறு புடிச்சாங்க, அது உண்மை, அவங்கட கையெல்லாம் உரிஞ்சு போனதும் உண்மை. தண்ணிக்குள்ள இறங்கினது ஒரு ஆமிப்பொடியன். அந்த ஒரு வரியில அவன் இல்ல. வேணுமென்டுதான் விட்டிருக்கு என்டும் எனக்கு விளங்குது, அதுக்குப் பிறகு வாறன், முதல்ல நடந்ததச் சொல்றன், வெளிநாட்டில பிறந்து வளந்த நம்மட பிள்ளையளும் இத வாசிக்கிறதால கொஞ்சம் விளக்கமாவே எழுதிறன்.

2010 கடைசியில இருந்து பசிபிக் கடல்ல லா நினா பலமா இருந்த காலம் அது. அந்த ஒண்டாலயே எங்கட கிழக்குக் கரையிலயும் மழை, நான் இருக்கிற குயின்ஸ்லாந்திலயும் மழை. பிரிஸ்பேன் ஆறு 2011 ஜனவரி 13ஆம் தேதி உச்சத்துக்கு ஏறின, அந்தக் கிழமைதான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற எங்கட படுவான்கரையும் தண்ணிக்குள்ள கிடந்த, இஞ்ச நாங்க சாமான மேல் மாடிக்கு ஏத்திக்கொண்டு அங்க போன் அடிச்சுப் பாக்கிற, லைன் கிடைக்காது. நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேல சனம் பாதிக்கப்பட்ட வெள்ளம், அதில மட்டக்களப்புக்குத்தான் பெரிய அடி. பெரும்போக வெள்ளாமை வயல்ல நிண்ட நேரம் வேற. பெப்ரவரி மாசம் மறுகாவும் ஒரு வெள்ளம் வந்து மிஞ்சினதையும் கொண்டு போன.

எங்கட பக்கம் தண்ணி வாற விதத்த ஊர்ல இருந்த ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல. மேற்கால நவகிரிக்குளம் நிரம்பி வான் பாயும், வட்டை எல்லாம் ஒரே வெள்ளக்காடாப் போகும், கிழக்கால வாவி, வாவியும் நிரம்பி நிண்டா தண்ணிக்குப் போக இடமில்ல, முகத்துவாரம் வெட்டி விட்டாத்தான் கடலுக்கு வடியும், அதுமட்டும் வெல்லாவெளி மண்டூர்ப் பக்கத்து ரோட்டெல்லாம் அங்கங்க மூடித்தான் கிடக்கும். ரோட்டுத் தாம்போதிக்கு மேலால பாயிற தண்ணி பாக்கிறதுக்குக் கொஞ்சமாத்தான் தெரியும். அதான் ஆளக் கொல்லுறது.

அண்டைக்கு வெள்ளாப்பில மாமி, வெள்ளத்துக்குச் சனம் ஒதுங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போறதுக்காக உழவு மிசின் பெட்டியில ஏறினவ. வளவுக்குள்ள இடுப்பளவு தண்ணி, வீட்டு மண்சுவர் ஒரு பக்கம் ஊறி விழுந்து போயித்து, இனி இருக்க ஏலாது என்டுதான் வெளிக்கிட்டவ. பெட்டி நிறையச் சனம், உடுப்பு மூட்டை, அரிசி, ஆரோ ஒராள்ட ஆட்டுக்குட்டியும். தாம்போதியில தண்ணி முழங்காலுக்குக் கொஞ்சம் மேலதான், மிசின் போகும் என்டு இறக்கின. நடுவில ரோட்டுக்குக் கீழால மண்ண அரிச்சுக் கிடங்காக்கி வச்சிருக்கு, மேலால பாத்தா ஒண்டும் தெரியாது. பின் சில்லு இறங்கினதும் பெட்டி சரிஞ்ச. மற்ற ஆக்கள் கம்பியையும் மட்காட்டையும் புடிச்சுத் தொங்கி ஒரு மாதிரித் தப்பித்தாங்க. மாமி பின் மூலையில இருந்தவ. அவவ மட்டும் தண்ணி இழுத்துக்கொண்டு போயித்து.

நல்ல காலம், கீழ்ப்பக்கம் ஆத்தோரத்தில ஒரு பெரிய மருதமரம் நிண்ட, அதில போய்த் தட்டுப்பட்டு ஒரு கொப்பப் புடிச்சிட்டா. ஆனா வெள்ளத்தில மரம் தேடி ஏறுறது மனிசர் மட்டுமில்லயே. அந்தக் கொப்பு முழுக்க முசுறு. கழுத்து, காது, கக்கம், கண்ணிமை எல்லாம் ஏறிக் கடிக்குது, கையெடுத்துத் தட்டினா ஆள் போயித்து, அதனால கண்ண மூடிக்கொண்டு கடிவாங்கிக்கொண்டே இருந்திருக்கா. மேல் கொப்பில ஒரு பாம்பும் சுருண்டு கிடந்ததாம். "அத நான் பாத்தன், அது என்னப் பாத்த, ரெண்டு பேரும் ஒண்டும் செய்யல்ல மனே" என்டு மாமி இண்டைக்கும் சொல்லுவா.

ஊர்ப்பொடியனுகள் ரெண்டு பேர் உடனே பாஞ்சாங்க. கொஞ்சத் தூரத்திலயே தண்ணி பிரட்டிப் போட்டு, அவங்களப் புடிச்சு இழுக்கிறதே பெரும்பாடாப் போயித்து. நேவிட வள்ளம் வேற ஊர்ல சனத்த ஏத்திக்கொண்டு நிண்ட. அக்கரையில ஒரு ஆமி ட்ரக் நிண்டிருக்கு, பள்ளிக்கூடத்துக்குச் சமைச்ச சாப்பாடு கொண்டு வந்த ஆக்கள், ரோட்டுக் கடக்க ஏலாம மாட்டிக்கொண்டு நிண்டாங்க. அதில ஒருத்தன்தான் இவன். மெலிஞ்ச பொடியன், இருபத்திரெண்டு இருபத்திமூணு வயசுதான் இருக்கும் என்டு கயிறு புடிச்ச மச்சான், மாமிட மகன், சொல்றான்.

அவன் உடனே பாயல்ல, இதத்தான் நான் எல்லாரும் கவனிக்க வேணும் என்டு எழுதிறன். சப்பாத்தக் கழட்டிப்போட்டு, ஒரு தென்னமட்டைத் துண்ட எடுத்துத் தண்ணியில எறிஞ்சு அது எங்க போகுது என்டு பாத்திருக்கான். மட்டை மரத்துக்கு எட்டத்தால போயித்து. ரோட்டோரமா மேல்பக்கம் நடந்து போய் இன்னொரு துண்டு எறிஞ்சான், அதுவும் சரியில்ல. இன்னும் மேல போனான். மூணாவது துண்டு நேர அந்த மரத்தில போய் முட்டினதும் அந்த இடத்தில இருந்துதான் இறங்கினான். கரையில நிண்ட சனம் "என்ன இவன் தென்னமட்டையோட விளையாடுறான்" என்டு கத்தினாங்களாம், மாமிட மூத்தவ நெஞ்சில அடிச்சு அழுதிருக்கா. அந்தச் சத்தத்துக்குள்ளயும் அவன் அவசரப்படல்ல. நீச்சல் தெரியிறது வேற, தண்ணியப் படிக்கத் தெரியிறது வேற. அவன் குளத்தடியில பிறந்து வளந்த புள்ளயாத்தான் இருக்க வேணும்.

கயிறு ஆமிட்ட இருந்தது காணாது. மாட்டுக்கயிறு, மீன்புடிக்கிற ஆக்கள்ட நைலோன் கயிறு எல்லாத்தையும் முடிஞ்சு ஒண்டாக்கினாங்க. பிள்ளையள் வாவியில குளிக்க வச்சிருந்த பெரிய டயர் டியூப் ஒண்டயும் ஆரோ ஓடிப்போய்க் கொண்டு வந்தாங்க. இடுப்பில கட்டினது சும்மா முடிச்சு இல்ல, ஒரு இழுப்பில அவுறுற சுருக்கு. நான் இஞ்ச எஸ்.ஈ.எஸ் என்ட மாநில அவசர சேவையில தொண்டராச் சேந்த பிறகு வெள்ளப் பாதுகாப்பு வகுப்பில முதல் சொல்லித் தந்ததே இதுதான், ஓடுற தண்ணியில அவுக்க ஏலாத கயித்த உடம்பில கட்டக்கூடாது, கயிறு இறுகி நிண்டா தண்ணியே ஆளக் கீழ அமத்திப்போடும். முதல்ல கரையில நிண்டு தடி நீட்டு, ஏலாட்டிக் கயிறு எறி, அதுக்கும் ஏலாட்டி வள்ளத்தில போ, நீயே இறங்கிறது கடைசி வழி என்டும் சொல்லித் தருவாங்க. அண்டைக்குத் தடி எட்டாது, கயிறு எறிஞ்சாலும் மாமிக்குப் புடிக்கக் கை இல்ல, வள்ளம் இல்ல. அந்தக் கடைசி வழிக்குத்தான் அவன் இறங்கினான்.

மரத்தடிக்கு வந்து சேந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை "அம்மே, பய வென்ன எபா", அம்மா, பயப்பட வேணாம் என்டு. மாமிக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும். ஆனா கை விட மாட்டன் என்டுட்டா. பயத்தில விறைச்ச கை, எவ்வளவு சொன்னாலும் விரல் விரியாது. அவன் இழுக்கல்ல, பறிக்கல்ல. பக்கத்துக் கொப்பில ஏறிக் காலைப் பின்னிக்கொண்டு இருந்து, மாமிட கையில, முகத்தில, கழுத்தில கிடந்த முசுறத் தன்ட கையால வழிச்சு வழிச்சு விட்டிருக்கான். அவனையும் சேத்துத்தான் கடிக்குது. மழை வேற. கரையில நிண்ட சனத்துக்கு அங்க என்ன நடக்குது என்டே தெரியல்ல, ஏன் சுணங்கிறான் என்டுதான் கத்துறாங்க. கடைசியில மாமிட ஒரு கை தானா லேசாகின, அந்தக் கையத் தன்ட தோள்ல போட்டு, டியூப்ப தலையால மாட்டிக் கக்கத்துக்குக் கீழ இறக்கி, பிறகுதான் மற்றக் கையை விடச் சொன்னானாம். "என்ட பெத்த புள்ள கூட அவ்வளவு பொறுமையா நிண்டிருக்க மாட்டான்" என்டு மாமி சொல்லுற நேரம் மச்சானும் பக்கத்திலதான் இருப்பான், அவனும் ஓம் என்டுதான் தலையாட்டுவான்.

திரும்பி வாற வழியில ஒரு கட்டை வந்து அவன்ட தோள்ல அடிச்ச. ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள போய்த் தெரியல்ல. கயிறு புடிச்ச ஆக்கள் அந்த நேரம்தான் உயிரைக் குடுத்து இழுத்தாங்க, அவங்களையும் நான் குறைச்சுச் சொல்லல்ல. மேல வந்த நேரமும் அவன்ட கை டியூப்ப விடல்ல.

பிறகு மாமியப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போய், அங்க இருந்து களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிக்கு ஏத்தினாங்க. அவன் பள்ளிக்கூடப் படியில குந்தி ஒரு பிளேன்டி குடிச்சிருக்கான், தோள் வீங்கி, கழுத்தெல்லாம் தடிச்சுப் போய்க் கிடந்ததாம். சாப்பாடு இறக்கி முடிஞ்சதும் ட்ரக்ல ஏறிப் போயித்தான். பேர் கேக்கிறதுக்கு அந்த அமளியில ஒருத்தருக்கும் தோணல்ல. அடுத்த நாள் மச்சான் செவ்விளனி வெட்டிக்கொண்டு கேம்ப் வாசல் மட்டும் போயிருக்கான். அந்த வாசலுக்கு அவங்க கூப்பிடாம மச்சான் தானாப் போனது அதுதான் முதல் தரம். சென்றில நிண்டவன் வாங்கி வச்சுப்போட்டு, அந்தப் பொடியன் வேற இடத்துக்கு ட்யூட்டிக்குப் போயித்தான் என்டு சொல்லி அனுப்பினான். வெள்ளம் வத்தின பிறகு அந்த கேம்ப்பும் எழும்பிப் போயித்து.

இனி, அந்த ஒரு வரி விசயத்துக்கு வாறன்.

சுவிஸ்ல இருக்கிற அண்ணன் எழுதியிருந்தீங்க, "மலர்ல ஆமியப் புகழ்ந்து எழுதினா எங்கட இழப்புகளுக்கு என்ன மரியாதை" என்டு. அண்ணன், ஒங்கட கேள்வியில ஒரு பிழையும் இல்ல. 1987, 1991 என்டு சொன்னா படுவான்கரை ஆக்களுக்கு வேற விளக்கம் தேவையில்ல, கொக்கட்டிச்சோலைப் பக்கம் அந்த வருசங்கள்ல படையினர் செஞ்ச படுகொலைகள் எல்லாருக்கும் தெரியும். 1990இல வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில அகதியா இருந்த சனத்தில ஆமி கூட்டிக்கொண்டு போன ஆக்கள் திரும்பி வரல்ல. எங்கட குடும்பத்திலயும் சின்னப்பா 90இல போனவர்தான், அவர்ட சேட்ட அப்பம்மா சாகுமட்டும் தோச்சுக் காயப்போட்டு மடிச்சு வச்சவ. இதெல்லாம் மலர்ல வரட்டும், பேர் பேரா வரட்டும், நான் தட்டச்சு செஞ்சு தாறன். ஒண்டையும் குறைக்க வேணாம்.

ஆனா மாமி ஒரு ஆளுக்கு நன்றி சொல்ல நிக்கிறா, படைக்கு இல்ல. அவ அந்த ரெண்டையும் குழப்பல்ல, நாங்கதான் குழப்புறம். அவவிட்டப் போன மாசம் போன்ல கேட்டன், மாமி, எழுதட்டா, ஒங்களுக்கு ஓமா என்டு. அவ சொன்னது இதுதான்: "அந்த உடுப்பக் கண்டா அடுப்படிக்குள்ள ஒளிச்ச ஆள் நான். என்ட தம்பியக் கொண்டு போனதும் அந்த உடுப்புத்தான். இந்தப் புள்ள வந்து எறும்பு தட்டி விட்டவன். ரெண்டையும் எழுதுகா, எனக்கென்ன பயம்." இதுக்கு மேல ஒரு அனுமதி எங்களுக்குத் தேவையா? வயசு எழுபத தாண்டின மனிசிக்கு இருக்கிற தெளிவுக்கு, ஒரு வரியில ஊரவர் மீட்டனர் என்டு எழுதிப் பூசி மெழுகிறது அவமரியாதை என்டுதான் எனக்குப் படுது.

இன்னொரு விசயம். சண்டையில காட்டுற வீரத்தையும், இப்பிடி ஒரு உயிரக் காப்பாத்தக் காட்டுற வீரத்தையும் அரசாங்கங்களே வேற வேறயாத்தான் வச்சிருக்கு. இலங்கைப் படையில வீரோதார விபூஷணய என்டு ஒரு பதக்கம் இருக்கு, சண்டைக்கு வெளியில தானா முன்வந்து உயிர் காப்பாத்தின ஆக்களுக்குக் குடுக்கிறது. பிரித்தானியாவில ஜோர்ஜ் கிராஸ், 1940இல தொடங்கினது, எதிரிக்கு முன்னால இல்லாத வீரத்துக்கு, பொதுமக்களுக்கும் குடுப்பாங்க. இந்தியாவில அசோக சக்கரம், 1952இல இருந்து. இஞ்ச அவுஸ்திரேலியாவில 1975இல இதுக்கெண்டே தனி வரிசை உண்டாக்கினாங்க. யோசிச்சுப் பாத்தா நியாயமாத்தான் இருக்கு. சண்டையில ஓடர் வரும், போகாட்டித் தண்டனை இருக்கு, பக்கத்தில நிக்கிறவன் போறான் என்டு இவனும் போவான். அண்டைக்கு அந்தப் பொடியனுக்கு ஒரு ஓடரும் வரல்ல. சாப்பாடு கொண்டு வந்தவன், அக்கரையிலயே நிண்டிருந்தாலும் ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டம். முன்னப்பின்ன தெரியாத, பாசையும் வேறயான, தன்னக் கண்டு பயந்த ஒரு பொம்புளைக்காக இறங்கினான். இத நான் எத்தின தரம் நினைச்சாலும் எனக்கு மனசு நிறையுது.

அதனால மலர்க்குழுவிட்ட நான் கேக்கிறது, அந்த ஒரு வரிய எடுத்துப்போட்டு மாமி சொன்னத மாமிட பேச்சிலயே ரெண்டு பக்கம் போடுங்க. கயிறு புடிச்ச ஆக்கள் எல்லார்ட பேரும் வரட்டும். அவன்ட பேர் இல்லாட்டியும் பரவாயில்ல, "ஒரு இராணுவச் சிப்பாய்" என்டு மறைக்காம எழுதுங்க. அதோட ஒரு பக்கத்தச் சிங்களத்திலயும் போட வேணும் என்டு நினைக்கிறன், அம்பாறையில வேல செஞ்ச அண்ணன்மார் ரெண்டு மூணு பேர் குழுவில இருக்கிறீங்க, எழுதித் தருவீங்க என்டு நம்பிறன். அந்த நேரம் எங்கட பக்கம் நிண்ட படைப்பிரிவு எது என்டு பிரதேச செயலகத்தில வேல செஞ்ச ஆக்களுக்குத் தெரிஞ்சிருக்கும், தெரிஞ்சா எனக்குத் தனி மடல் போடுங்க, அவங்கட தலைமையகத்துக்குச் சங்கத்துப் பேர்ல ஒரு கடிதம் எழுதுவம். மாமி உயிரோட இருக்கிற நேரம் செய்ய வேணும் இது.

கடைசியா, காசு விசயம். 2024 நவம்பர் 26ஆம் தேதி காரைதீவு மாவடிப்பள்ளியில என்ன நடந்த என்டு எல்லாரும் பாத்தீங்கதானே, மத்ரசாவில இருந்து வீட்டுக்குப் போன பிள்ளையள் வந்த உழவு மிசின வெள்ளம் அடிச்சுக்கொண்டு போன. அதே மாதிரித் தண்ணி, அதே மாதிரி மிசின், படையாக்களும் ஊராக்களும் சேந்து நாள்கணக்கில தேடினாங்க. அந்தச் செய்திய வாசிச்ச நேரம் எனக்கு எங்கட தாம்போதிதான் கண்ணுக்குள்ள நிண்ட, அது இன்னும் அப்பிடியேதான் கிடக்கு, பாலம் வரும் வரும் என்டு சொல்லித்தான் காலம் போகுது. வேகமா ஓடுற தண்ணி 15 சென்ரிமீற்றர் இருந்தாலே வளந்த ஆள விழுத்தும், 30 இருந்தா சின்னக் காரத் தூக்கும், 60 இருந்தா பெரிய வாகனத்தையும் கொண்டு போகும் என்டு இஞ்ச ஒவ்வொரு மழைக்கும் படிச்சுப் படிச்சுச் சொல்லுவாங்க. எங்கட ஆக்கள் முழங்கால் தண்ணிதானே என்டு இறக்கிறாங்க.

பாலம் கட்டுறது எங்கட கையில இல்ல. ஆனா தாம்போதிட ரெண்டு கரையிலயும் அளவு கீறின கொங்கிரீட் கம்பம் நடலாம், முழங்காலுக்குக் கீழயே சிவப்புக் கோடு போட்டு அதுக்கு மேல தண்ணி நிண்டா மிசின் இறக்கக் கூடாது என்டு எழுதலாம். மிதக்கிற எறிகயிறு, லைஃப் ஜாக்கெட் கொஞ்சம் வாங்கிப் பள்ளிக்கூடத்தில ஒரு அலுமாரியில வச்சு, திறப்ப அதிபரிட்டயும் கோயில் நிர்வாகம் பாக்கிற வண்ணக்கரிட்டயும் குடுக்கலாம். ஊர்ப்பொடியனுகளுக்குக் கயிறு எறியப் பழக்கிறதுக்கு நான் வாற ஆவணி விடுமுறைக்கு வருவன், வகுப்பில படிச்சதச் சொல்லிக் குடுப்பன். மழை ஐப்பசியில தொடங்கும், அதுக்கு முதல் சாமான் ஊருக்குப் போக வேணும். லண்டன்ல இருக்கிற மச்சான், அங்க வள்ளச் சாமான் கடையில எறிகயிறு என்ன விலை என்டு கேட்டு இந்தக் கிழமைக்குள்ள எழுதுங்க, நானும் இஞ்ச விலை கேக்கிறன், எது மலிவோ அங்க வாங்குவம். கனடாக் கிளையாக்கள் லைஃப் ஜாக்கெட்ட பொறுப்பெடுப்பீங்களா என்டு பதில் போடுங்க.

அன்புடன்,
மாமிட மருமகள், பிரிஸ்பேன்ல இருந்து